பனிக்கால காமினோ: இரும்புச் சிலுவையைத் தாண்டும் நாளில்

தமிழகத்துக் கடற்கரை ஊர்களிலும் கோயில் கொண்டிருக்கும், இயேசுவின் சீடரான சந்தியாகப்பரின் கல்லறை ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், சந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயத்தில் இருப்பதாக மரபு. அங்கே கால்நடையாகப் போகும் வழிகளுக்கெல்லாம் காமினோ என்று பெயர். அவற்றில் அதிகம் பேர் நடப்பது பிரான்ஸ் எல்லையில் தொடங்கும் ‘பிரெஞ்சுப் பாதை’, ஏறத்தாழ 780 கிலோமீட்டர். கோடையில் கூட்டம் நெரியும் இந்தப் பாதையில் டிசம்பர், ஜனவரியில் சில நாள் உங்களையும் உங்களோடு வந்தவரையும் தவிர வேறு ஆள் இருக்காது. அந்தத் தனிமைக்காகவே பனிக்காலத்தில் போகிறவர்கள் உண்டு. போகலாம், நல்ல யாத்திரைதான். ஆனால் குளிர் முதலில் பறிப்பது கை கால் சூட்டை மட்டுமல்ல, சரியாக முடிவெடுக்கும் புத்தியையும்தான். தனக்குக் குளிர் ஏறிவிட்டது என்று தானே உணர்வது கடினம். கூட நடப்பவர் கண்டுபிடித்துவிடுவார். கீழே இருப்பதெல்லாம் அதை வைத்துச் சொல்வதுதான்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு நாளை வைத்துக்கொள்கிறேன். லியோன் மலைப்பகுதியில் ராபனாலில் கிளம்பி, ஃபோன்செபதோன் வழியாகக் குரூஸ் தே ஃபெர்ரோ என்னும் இரும்புச் சிலுவையைக் கடந்து, மொலினசேகாவில் இறங்கும் நாள். தூரம் சுமார் 25 கிலோமீட்டர். சிலுவை நிற்கும் இடம் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம்.

செய்ய வேண்டியவை

வெளிச்சத்தைக் கணக்குப் போடுங்கள். ஸ்பெயினின் கடிகாரம் சூரியனுக்கு வெகுவாக முந்தி ஓடுவது. டிசம்பர் கடைசியில் இந்தப் பக்கம் பொழுது விடிய ஏறக்குறைய 9 மணி ஆகிவிடும், மாலை 6 மணிக்குச் சூரியன் போய்விடும். கையில் இருப்பது 9 மணி நேரம். பனியில் ஏறும்போது மணிக்கு 3 கிலோமீட்டர் போனாலே பெரிது. ஆகவே விடியும் நேரத்தில் காலை உணவு முடிந்து, ஷூ கட்டி, வாசலில் நிற்க வேண்டும். பிற்பகல் 2 மணிக்கு இன்னும் சிலுவையைத் தாண்டவில்லை என்றால், மொலினசேகாவை மறந்துவிட்டு இடையில் எல் அசெபோவில் தங்கப் பாருங்கள்.

படுக்கைக்கு முந்தின நாளே போன் செய்யுங்கள். அல்பெர்கே எனப்படும் யாத்ரீகர் விடுதிகளில் பல, நவம்பர் முதல் ஈஸ்டர் வரை மூடிக்கிடக்கும். கையேட்டில் பெயர் இருக்கிறது என்பதற்காகக் கதவு திறந்திருக்காது. மொலினசேகாவுக்கு மட்டுமல்ல, எல் அசெபோவுக்கும் கேட்டு வையுங்கள்.

உடம்பில் மூன்று அடுக்கு. தோலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர் பனியன், மேலே ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் அரை மணியில் வியர்த்துவிடும், அந்த வியர்வைதான் மலையுச்சிக் காற்றில் எதிரியாகத் திரும்பும். ஏற்றம் தொடங்கும் முன் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். உச்சியில், நின்ற பிறகு அல்ல, நிற்பதற்கு முன்பே மாட்டிக்கொள்ளுங்கள். பையின் அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ், ஒரு பனியன், கையுறை. வழியில் இவற்றுக்குக் கை போவது அவசரம் வந்தால் மட்டும்தான்.

ஒருவரையொருவர் பாருங்கள், பேசுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் மனத்தில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். அரை மணிக்கொரு முறை நின்று நண்பரின் முகத்தை நேராகப் பாருங்கள். உதடு வெளிறியிருக்கிறதா? ஜிப்பை இழுக்க விரல் தடுமாறுகிறதா? வார்த்தை குழறுகிறதா? காலையிலிருந்து ஓயாமல் பேசியவர் திடீரென்று வாய் மூடிவிட்டாரா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா? ‘என்னப்பா, எப்படி இருக்கு?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘ஒண்ணுமில்ல, நட’ என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை நம்பாதீர்கள், விரல்களை நம்புங்கள். சந்தேகம் வந்தால் காற்று படாத சுவரோரம் போய், ஈரத்துணியை மாற்றி, தலையை மூடி, பிளாஸ்கில் இருக்கும் இனிப்புத் தேநீரைக் கொடுங்கள். பேச்சு தெளியவில்லை, நடை தள்ளாடுகிறது என்றால் 112-ஐ அழையுங்கள். ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான அவசர எண் அது.

மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும். வேகமானவர் முன்னால் போனால், முப்பதடி போய் நின்று காத்திருப்பார், மற்றவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடுவார். ஒருவருக்கு நின்று நின்று குளிரும், மற்றவருக்கு ஓய்வே கிடைக்காது.

பசிக்கும் முன் சாப்பிடுங்கள். வழியில் காபி பார்கள் பூட்டியிருக்கலாம். பாதாம், பேரீச்சை, சாக்லேட்டை கையெட்டும் ஜேபியில் வையுங்கள், பையின் ஆழத்தில் அல்ல. சைவக்காரர்கள் ‘லெந்தெகாஸ்’ என்ற பருப்பு சூப்பை நம்பிக்கையோடு வாங்கிவிட வேண்டாம், அதில் பன்றித் தொத்திறைச்சித் துண்டுகள் கிடப்பது வழக்கம், கேட்டு வாங்குங்கள். உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்ந்த தோர்த்தியா எங்கும் கிடைக்கும்.

வீட்டிலிருந்து ஒரு கல் கொண்டு போங்கள். குரூஸ் தே ஃபெர்ரோவில் நிற்பது உயரமான ஓக் மரக் கம்பம், உச்சியில் சிறிய இரும்புச் சிலுவை, அடியில் உலகெங்கிலுமிருந்து வந்தவர்கள் இறக்கி வைத்த கற்களின் குவியல். மனச்சுமையைக் கல்லாகச் சுமந்து வந்து இங்கே வைப்பது இப்பாதையின் வழக்கம். உள்ளங்கைக்குள் அடங்கும் கல் போதும். எதை நினைத்து வைக்கப்போகிறீர்கள் என்று கீழே ராபனாலிலேயே யோசித்து வாருங்கள். மேலே காற்று நிற்க விடாது. நண்பர் வைக்கும்போது பத்தடி தள்ளி நில்லுங்கள், அது அவருடைய நேரம்.

செய்யக்கூடாதவை

பருத்தி வேண்டாம். ஜீன்ஸ், டி-ஷர்ட், பருத்தி சாக்ஸ் எதுவும். நனைந்தால் இந்த மலையில் உலரவே உலராது.

பனி மூடிய ஒற்றையடிப் பாதையில் அம்புக்குறியைத் தேடி அலையாதீர்கள். ஓ செப்ரெய்ரோ ஊரின் பங்குத்தந்தை எலியாஸ் வாலிஞா 1980-களில் மஞ்சள் பெயின்டால் போடத் தொடங்கிய அம்புகள்தான் இன்று இந்தப் பாதைக்கே அடையாளம். அவரால்தான் நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்கள் வரைபடம் இல்லாமல் நடக்கிறோம். ஆனால் கல்லிலும் தரையோரச் சுவரிலும் இருக்கும் அம்பு, முழங்காலளவு பனிக்கு அடியில் என்ன செய்யும்? அந்த நாளில் எல்.ஈ.-142 தார்ச்சாலையிலேயே போங்கள். சாலை பாதைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. வண்டி எதிரே வரும்படி இடப்பக்கம் நடக்க வேண்டும், ஒளிரும் மேற்சட்டை இருவருக்கும் கட்டாயம்.

மூடிய பாதைக்குள் போகாதீர்கள். யாத்திரையின் முதல் நாளில் பிரனீஸ் மலையைத் தாண்டும் ‘நெப்போலியன் வழி’யை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடிவிடுகிறார்கள். வால்கார்லோஸ் வழியாகத்தான் போக வேண்டும். அன்று வானம் நீலமாக இருப்பது ஒரு காரணமல்ல.

குளிருக்கு இதமென்று பிராந்தி வேண்டாம். தோலில் சூடு பரவுவது போலிருக்கும். உள்ளே உடம்பின் சூடு அதே வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும். நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு நடுக்கம் நின்றால் தேறிவிட்டார் என்று எண்ணாதீர்கள், குழப்பமோ தூக்கக்கலக்கமோ சேர்ந்திருந்தால் அது மோசமாவதன் அடையாளம். கை கால்களைத் தேய்க்கவும் வேண்டாம்.

இறக்கத்தை எளிதென்று நினைக்காதீர்கள். சிலுவையிலிருந்து மொலினசேகாவுக்கு 900 மீட்டர் இறக்கம், அதில் பாதிக்கு மேல் எல் அசெபோவுக்குப் பின் சில கிலோமீட்டருக்குள். பலகைக்கல் ஈரத்தில் வழுக்கும். ஊன்றுகோலை நீளமாக்கிக்கொண்டு, அடியைச் சிறிதாக்கிக்கொண்டு இறங்குங்கள். பேச்சை இங்கே நிறுத்தலாம்.

டாக்சி பிடிப்பதை அவமானமாக எண்ணாதீர்கள், நண்பரையும் எண்ண விடாதீர்கள். யாத்திரைச் சான்றிதழான கொம்போஸ்தெலாவுக்குக் கடைசி 100 கிலோமீட்டரைத்தான் நடந்திருக்க வேண்டும். இந்த மலையோ சந்தியாகோவுக்கு 200 கிலோமீட்டருக்கும் அப்பால். இருவரில் ஒருவர் ‘போதும்’ என்றால் இருவரும் நிறுத்துவது என்று முந்தின இரவே, சூடான அறையில் உட்கார்ந்து, பேசி முடித்துவிடுங்கள். மலை மேல் அந்த வாதம் ஆகாது. ‘நீ இரு, நான் போய்ப் பார்த்துட்டு வரேன்’ என்பது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

செல்போனை வெளிப்பையில் வைக்காதீர்கள். குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கும். உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

விடுதி வந்ததும் நனைந்த ஷூவை ஹீட்டர் மேல் ஏற்றாதீர்கள், பசை இளகி அடிப்பகுதி பிரிந்துவிடும். விடுதிக்காரரிடம் பழைய செய்தித்தாள் கேட்டு உள்ளே திணியுங்கள், இரவில் ஒரு தடவை மாற்றுங்கள். வெந்நீர்க் குளியல் அதிகம் குளிர்ந்தவருக்கு முதலில். அடுத்த நாள் எதுவரை போவது என்பதை அன்றிரவே உறுதி செய்ய வேண்டாம். காலையில் வானத்தையும் நண்பரின் முழங்காலையும் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.