டயரை முடிவு செய்யுங்கள், ரிம் பிறகு

காருக்கு அலாய் வீல் மாட்ட ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். டயர் வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். வருகிறவர்களில் பாதிப் பேர் ரிம்மை வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வந்து, "இதுக்கு என்ன டயர் போடலாம்ணே?" என்று கேட்கிறார்கள். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுகிற வேலை அது. டயர் அளவு முடிவாகாமல் ரிம்முக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

1. டிரைவர் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். கம்பெனி சொல்லும் டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். அடுத்து, உங்கள் காரின் விலை கூடிய மாடலில் என்ன அளவு வருகிறது என்று பாருங்கள். மாருதி ஸ்விஃப்டில் கீழ் மாடலுக்கு 165/80 ஆர் 14, மேல் மாடலுக்கு 185/65 ஆர் 15 என்று கம்பெனியே கொடுத்திருக்கிறது. கீழ் மாடல் வைத்திருப்பவர் 15 அங்குலத்துக்கு மாறினால் அதற்குக் கம்பெனியின் சோதனையே சாட்சி. கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். பலருக்கு இந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும்.

2. அதற்கும் மேலே போக வேண்டுமானால் கணக்குப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். 185/65 ஆர் 15 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ. அதில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 120 மி.மீ. சொச்சம். மேலும் கீழும் சேர்த்து 240.5. ரிம் 15 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 25.4 மி.மீ. வீதம் 381. கூட்டினால் டயரின் மொத்த உயரம் 621.5 மி.மீ. இந்த உயரத்தைக் காப்பாற்றுவதுதான் முழு வித்தையும். 16 அங்குல ரிம்மில் 195/55 போட்டால் 620.9 வருகிறது, ஒரு மி.மீ. கூட வித்தியாசம் இல்லை. அதே ரிம்மில் 205/60 போட்டால் 652.4, அதாவது 5 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 105-ல் போய்க்கொண்டிருக்கும். பிக்கப் மந்தமாகும். குடும்பத்தோடு ஏறி ஒரு ஸ்பீடு பிரேக்கரில் இறங்கினால் உள் மட்கார்டில் டயர் உரசும். 3 சதவீதம் வரை போகலாம் என்பார்கள். நான் 2 சதவீதத்தைத் தாண்ட விடுவதில்லை.

3. உயரம் சரியாக வந்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. அளவுக்குப் பக்கத்தில் 88எச், 87வி என்று இருக்குமே, அந்த எண்தான் டயர் தாங்கும் எடை. 88 என்றால் ஒரு டயருக்கு 560 கிலோ, 87 என்றால் 545 கிலோ, 91 என்றால் 615 கிலோ. 185/65 ஆர் 15 வழக்கமாக 88-ல் வரும். உயரம் அச்சாகப் பொருந்திய அந்த 195/55 ஆர் 16 பெரும்பாலும் 87-ல்தான் வரும். பெரிய ரிம் போட்டும் தாங்கும் எடை குறைந்துபோகிறது, பாருங்கள்! அந்த அளவிலேயே எக்ஸ்ட்ரா லோடு வகை 91-ல் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். அதற்குக் காற்று கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டும். பழைய டயரின் எண்ணுக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் இறங்காதீர்கள். எண்ணை அடுத்து வரும் எழுத்து வேகம்: எஸ் 180, டி 190, எச் 210, வி 240 கிலோமீட்டர். அதிலும் இறங்க வேண்டாம்.

4. அடுத்தது ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும். பெரிய சிக்கல் எல்லாம் இங்கேதான் வருகிறது. ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற அளவு. ரிம்மின் உள்பக்கத்தில் 'ஈடி 45' என்பதுபோல் பொறித்திருப்பார்கள். ஐந்தரை அங்குல அகலம், 45 ஆஃப்செட் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, ஏழு அங்குல அகலம், 35 ஆஃப்செட் உள்ளதை மாட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரிம்மின் வெளி விளிம்பு 29 மி.மீ. வெளியே வந்துவிடும், உள் விளிம்பு 9 மி.மீ. சஸ்பென்ஷன் பக்கம் நகரும். பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும், மழையில் சேறெல்லாம் கதவில் அடிக்கும். 185/65 ஆர் 15 டயருக்கு 5 முதல் 6.5 அங்குல அகல ரிம் போதும். குறுகிய டயரை அகல ரிம்மில் இழுத்து மாட்டுவது இப்போது ஃபேஷன். பள்ளத்தில் விழுந்தால் அந்த டயருக்குள் ரிம் விளிம்பைக் காக்க எதுவும் இல்லை. நான் அதை மாட்டிக் கொடுக்க மாட்டேன்.

5. நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்தான் பிசிடி. ஸ்விஃப்டுக்கு 4×100. ஃபியட் புன்டோவுக்கு 4×98. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியும், முறுக்கினால் நட்டும் ஏறிவிடும். ஆனால் ரிம் ஒழுங்காக உட்காராது. ஓட ஓட நட்டு தளரும், ஸ்டட் முறியும். இரண்டு மி.மீ.தானே என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நடு ஓட்டையையும் பாருங்கள். ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. வெளியில் விற்கும் ரிம்களில் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று ஓட்டையைப் பெரிதாக விட்டிருப்பார்கள். அந்த இடைவெளிக்கு ஹப் ரிங் போட வேண்டும். அது இல்லாமல் பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் 80, 90 வேகத்தில் ஸ்டீயரிங் ஆடும். நட்டும் ரிம்முக்கு ஏற்ற கூம்பு வடிவமா, உருண்டை வடிவமா என்று பார்த்துப் போடுங்கள்.

6. 17 அங்குல ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 205/45 ஆர் 17 போட்டால் உயரம் 616.3, கணக்கு உதைக்காது. ஆனால் பக்கச்சுவர் 120-லிருந்து 92 மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று உங்களுக்குத் தெரியாது. பள்ளத்தின் விளிம்பில் மோதினால் டயரின் பக்கவாட்டில் கோழி முட்டை அளவுக்குப் புடைத்துக்கொள்ளும். உள்ளே இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பஞ்சர் ஒட்ட முடியாது, டயரைத் தூக்கித்தான் போட வேண்டும். சின்னக் கார்களுக்கு ஓர் அங்குலம் ஏற்றுவதோடு நில்லுங்கள்.

7. நான்கும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்கட்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள்: 2324 என்றால் 2024-ல் 23ஆவது வாரம் செய்தது. பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தாலும், மொத்த உயரம் ஒன்றாக இருந்தால் பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிப் போகலாம். பழைய நட்டுகளையும் வண்டியில் வைத்திருங்கள். அலாய் நட்டு சில ஸ்டெப்னிக்கு உட்காராது.

8. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள். வெளியில் வாங்கி மாட்டிய அலாய், பாலிசியில் ஏறாவிட்டால் விபத்தில் அதற்குப் பணம் வராது.

9. மாட்டியதும் அலைன்மென்ட் செய்யுங்கள். ஐந்து பேரை ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, உரசுகிறதா என்று கடை வாசலிலேயே பார்த்துவிடுங்கள். புது அலாயில் நட்டு கொஞ்சம் தளர்வது இயல்பு. 100 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வந்து டார்க் ரெஞ்சில் முடுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, நல்ல கடையில் காசு கேட்க மாட்டார்கள்.