கேட்டுத் தெரிந்துகொள்வோம்
(கணிப்பொறிப் பாடம்)



கலூரில் வாடகைக்கு வீடு பார்க்கும்போது நாம் முதலில் என்ன கேட்கிறோம்? தண்ணீர் எப்போது வரும், தொட்டி எவ்வளவு கொள்ளும் என்றுதானே! பழைய வீட்டைப் போலவே இதுவும் இருக்கும் என்று எண்ணிக் குடியேறினால் திண்டாட வேண்டியதுதான். நிரல் எழுதுவோருக்கும் இதுவே பாடம். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

குழந்தைகளின் வினாடி வினாவுக்காகப் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதினேன். மொத்தம் 1,500 கேள்விகள். ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. அத்தனையையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தேன். அலுவலகக் கணிப்பொறியில் நன்றாக ஓடியது. விழாவன்று, இரவல் வாங்கிய லினக்ஸ் கணிப்பொறியில் பாதியிலேயே நின்றுவிட்டது. குழந்தைகள் காத்திருந்தார்கள், எனக்கு வியர்த்துக் கொட்டியது.

ஒரு நிரல் ஒரே சமயத்தில் எத்தனை கோப்புகளைத் திறந்து வைக்கலாம் என்பதற்கு இயக்க அமைப்பு வரம்பு விதிக்கிறது. பல லினக்ஸ் கணிப்பொறிகளில் அது 1024. அலுவலகத்தில் அதை உயர்த்தி வைத்திருந்தார்கள், எனக்குத் தெரியாது.

கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பைத்தானின் ‘ஓஎஸ்’ தொகுதியில் ‘சிஸ்கான்ஃப்’ என்ற செயற்கூறு உண்டு. 1988-இல் வெளியான ‘போசிக்ஸ்’ தரத்தின் வழி வந்தது இது. அடைப்புக்குறிக்குள், மேற்கோள் குறியிட்டு, ‘எஸ்சி_ஓப்பன்_மேக்ஸ்’ என்ற பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கொடுத்தால் அந்த வரம்பு விடையாக வரும்.

நினைவகத்தையும் இப்படியே அறியலாம். ‘எஸ்சி_பேஜ்_சைஸ்’ ஒரு பக்கத்தின் அளவைச் சொல்லும். வழக்கமாக 4096 பைட். ‘எஸ்சி_ஃபிஸ்_பேஜஸ்’ பக்கங்களின் எண்ணிக்கையைத் தரும். இரண்டையும் பெருக்கினால் மொத்த நினைவகம் கிடைக்கும்.

மூன்று எச்சரிக்கைகள்: பெயரைத் தவறாக எழுதினால் பிழைச் செய்தி வரும். விடை -1 என்றால், அதற்கு மதிப்பு எதுவும் வரையறுக்கப்படவில்லை என்று பொருள். விண்டோஸில் இச்செயற்கூறு கிடையாது. கேரளப் பள்ளிகளில் ‘கைட்’ வழங்கும் லினக்ஸில் எழுதியது, வீட்டு விண்டோஸில் ஓடாமல் போனால் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள்!

என் நிரலை எப்படித் திருத்தினேன்? வரம்பை உயர்த்தவில்லை. ஒரு கோப்பைத் திறந்து, படித்து, மூடிய பிறகே அடுத்ததைத் திறக்கும்படி மாற்றினேன். இப்போது எந்தக் கணிப்பொறியிலும் ஓடுகிறது.

வீட்டுப் பயிற்சி: லினக்ஸ் கணிப்பொறி கிடைத்தால், பிள்ளைகளோடு அமர்ந்து இந்த மூன்று மதிப்புகளையும் கேட்டுப் பாருங்கள்.