வீட்டுக் கிணற்றைப் பாவிக்கும் முன்

நீண்டகாலம் இறைக்காத கிணற்று நீர் தெளிவாகத் தெரிந்தாலும் உடனே குடிக்க வேண்டாம்.

1. மிதிவெடி அகற்றி முடிந்ததென உறுதிசெய்யப்பட்ட வளவுக்குள் மட்டும் செல்லுங்கள். கிணற்றினுள் சந்தேகத்துக்குரிய பொருள் தெரிந்தால் இறைக்காமல் விலகி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

2. கிணற்றுக்கட்டு உடைந்திருந்தால், பிள்ளைகள் தவறி விழாதபடி சுற்றி அடையுங்கள்.

3. நீரை முழுவதும் இறையுங்கள். இறைக்கும் இயந்திரத்தை உள்ளே இறக்க வேண்டாம்; அதன் புகை உயிரைப் பறிக்கும்.

4. சேறு அள்ளுவதை அனுபவமுள்ளவர்களிடம் விடுங்கள். உள்ளே நச்சுவாயு தங்கியிருக்கலாம். ஒருவர் மயங்கினால், அவரைத் தூக்க மற்றவர் இறங்கக்கூடாது.

5. நீர் ஊறியதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இடுங்கள்.

அவர் குடிக்கலாம் எனக் கூறும்வரை கொதித்தாறிய நீரையே எல்லோரும் குடியுங்கள்.