பதினைந்து வயதில் திருப்பி அனுப்பப்பட்டவர்

குறுவட்டப் போட்டிக்கு அணி தேர்ந்தெடுக்கும் வாரத்தில், ஒரு பாடவேளை ஹெர்மன் மையரைப் பற்றிப் பேசுவது உடற்கல்வி ஆசிரியரான என் வழக்கம். பனியையே பார்த்திராத பிள்ளைகள் என்பதால், முதலில் வரைபடத்தில் ஆஸ்திரியாவையும் ஆல்ப்ஸ் மலையையும் காட்டிவிடுவேன்.

மையர் ஃபிளாஹாவ் என்ற ஊரில் வளர்ந்தவர். பெற்றோர் பனிச்சறுக்குப் பள்ளி நடத்தினர். 15 வயதில் ஷ்லாட்மிங் விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தவரை, உடல் வளர்ச்சி போதாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பின் கொத்தனார் வேலை. குளிர்காலத்தில் தந்தையின் பள்ளியில் பயிற்றுநர். 1996 ஜனவரியில் உலகக் கோப்பைப் போட்டி அவருடைய ஊருக்கே வந்தது. போட்டிக்கு முன் தடத்தைச் சோதிக்கச் சிலரைச் சறுக்கவிடுவார்கள். அவர்களின் நேரம் முடிவில் சேராது. அப்படிச் சறுக்கிய மையரின் நேரம் 12ஆம் இடத்துக்கு உரியதாக இருந்தது. அப்போது வயது 23. அடுத்த மாதமே உலகக் கோப்பையில் இறங்கினார்.

இங்கே நிறுத்தி, "இடையில் அவரிடம் என்ன மாறியது?" என்று கேட்பேன். "வளர்ந்துட்டார் சார்" என்பார்கள். "கல்லும் சாந்தும் சுமந்திருப்பார்" என்றாள் கட்டடத் தொழிலாளி ஒருவரின் மகள். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது.

1998 நாகனோ ஒலிம்பிக்கில் மையர் தடத்தைவிட்டுப் பறந்து, தடுப்பு வேலிகளைத் தாண்டி விழுந்தார். மூன்றாம் நாள் சூப்பர் ஜி பிரிவில் தங்கம். பின்னர் ஜெயன்ட் ஸ்லாலமிலும் தங்கம். (காயத்தோடு ஆடலாம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது, அதைத் தனியே சொல்லிவிடுகிறேன்.) 2001இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் வலது காலையே இழக்கும் நிலை. 2003 ஜனவரியில் களம் திரும்பி, இரண்டே வாரத்தில் கிட்ஸ்பியூலில் வென்றார். 2004இல் நான்காம் முறையாக ஒட்டுமொத்த உலகக் கோப்பை. 2009இல் ஓய்வு பெற்றபோது வெற்றிகள் 54.

கிட்ஸ்பியூல் கீழ்நோக்குத் தடத்தின் உயர வேறுபாடு 860 மீட்டர். நிலை ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலானால், மணிக்கு ஏறத்தாழ 467 கி.மீ. வேகம் வரவேண்டும். வீரர்களின் உச்ச வேகமோ 140 கி.மீ. அளவுதான். மிச்சத்தைக் காற்றும் பனியும் எடுத்துக்கொள்வதை அறிவியல் ஆசிரியர் விளக்குவார்.

என் வேலை வேறு. 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஒரே வயதுள்ள இருவரிடையே ஒரு சாண் உயர வேறுபாடு இருக்கும். பருவ வளர்ச்சி சிலருக்கு முந்தும், சிலருக்குப் பிந்தும். ஆகவே, அணியில் இடம்பெறாதவர்களின் பெயர், உயரம், ஓட்ட நேரம் ஆகியவற்றைத் தனி நோட்டில் எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் அளக்கிறேன். மாலைப் பயிற்சிக்கு அவர்களும் வருகிறார்கள். இந்த ஆண்டு 17 வயதுப் பிரிவுக் கபடி அணியில் மூவர் அந்த நோட்டிலிருந்து வந்தவர்கள்.