கேமராவைத் திறக்கும் முன் கையெழுத்து

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, லென்ஸைப் பற்றிச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எடுத்த படம் யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

1. எடுத்தவருக்கே பதிப்புரிமை என்பது பொது விதி. ஆனால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் விலக்குகள் உண்டு. ஒருவர் கேட்டு, காசும் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவருக்கே சொந்தம். கல்யாண வேலை முழுக்க இதில்தான் வரும். நீங்கள் எடுத்த மணப்பெண் படத்தை உங்கள் விளம்பரத்தில் போடவே அந்த வீட்டாரைக் கேட்க வேண்டியிருக்கும்.

2. ஆகவே அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். உரிமை யாருக்கு, அவர்கள் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், நீங்கள் எங்கே காட்டலாம், ரா ஃபைல் உண்டா இல்லையா, ஆல்பம் எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். முகூர்த்தம் முடிந்த பிறகு இதைப் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

3. ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு இருந்தால், வேலையாக எடுத்தது முதலாளிக்குச் சொந்தம். பத்திரிகை வேலை கொஞ்சம் வேறு. பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டும் நிர்வாகத்துக்கு. கண்காட்சி, புத்தகம் போன்ற மற்ற உரிமைகள் உங்களுக்கு. நியமனக் கடிதத்தில் ஒரு வரி இதை மாற்றிவிடலாம். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

4. உங்களுடைய உரிமையைப் பிறருக்கு மாற்றுவதற்கு எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது சட்டம். 'எல்லா உரிமையும், என்றென்றைக்கும்' என்று நீட்டுகிறவரிடம் அதற்கேற்ற விலை கேளுங்கள்.

5. உரிமையை விற்றாலும் 'எடுத்தது நான்' என்று சொல்லும் உரிமை 57ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும். பெயர் போடாமல் விட்டால் கேளுங்கள். ஒரிஜினல் ஃபைலைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு அதுதான் சாட்சி.

6. தனியாளாக நின்று ஒப்பந்தம் நீட்டினால், "அடுத்த ஸ்டூடியோவில் இதெல்லாம் கேட்பதில்லையே" என்பார்கள். ஊரில் எல்லோரும் ஒரே படிவத்தை நீட்டினால் அந்தப் பேச்சு எழாது. சங்கம் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான். தொழிற்சங்கமாகப் பதியக் குறைந்தது 7 பேர் வேண்டும். சேரும் முன் ஒன்றைப் பாருங்கள்: ஸ்டூடியோ முதலாளிகளின் சங்கமும், அவர்களிடம் நாள் கூலிக்குப் போகிறவர்களின் சங்கமும் ஒன்றல்ல.

7. 1947இல் ராபர்ட் காப்பா, ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் முதலிய போட்டோகிராஃபர்கள் மேக்னம் என்ற கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். படத்தின் உரிமை பத்திரிகைக்குப் போகாமல் எடுத்தவரிடமே இருந்ததால், ஒரே படத்தைப் பல நாட்டுப் பத்திரிகைகளுக்குத் தர முடிந்தது. பெயர்பெற்றவர்களுக்கே கூட்டு தேவைப்பட்டது.

8. நாளை நீங்களும் ஆள் வைப்பீர்கள். இரண்டாவது கேமரா பிடிக்க வரும் பையனுக்கும் அதே ஒரு பக்கத்தை எழுதிக் கொடுங்கள். அவன் பெயரையும் போடுங்கள்.