மதுரைத் தொல்கட்டடங்கள்

ஒரு நகரத்தின் வரலாறு ஏட்டில் மட்டும் எழுதப்படுவதன்று. கல்லிலும் செங்கல்லிலும் எழுதப்படுவதாகும். ஏடு செல்லரிக்குமுன் படியெடுத்துக் கொள்ளலாம். கட்டடத்தையோ அவ்வாறு படியெடுத்தல் இயலாது. இடிந்தால் இடிந்ததே. வைகைக் கரையில் விளங்கும் மதுரை மாநகரம் இவ்வுண்மையை நன்கு உணர்த்துகிறது.

மதுரைக்கு வருவோர் அனைவரும் மீனாட்சியம்மன் திருக்கோயிலைக் கண்டு மகிழ்வர். அக்கோயிலுக்குச் சிறிது தொலைவில், கடைகள் நெருங்கிய சந்து ஒன்றில், பத்துப் பெருந்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. மக்கள் அவ்விடத்தைப் 'பத்துத்தூண்' என்றே வழங்குவர். தூண் என்பது கூரையைத் தாங்குவதற்கு உரியது. இத்தூண்கள்மீதோ கூரையில்லை, வானமே உண்டு. இவை தாங்கிய மாளிகை யாது? அஃது எங்ஙனம் மறைந்தது?

திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை மதுரை நாட்டை ஆண்டவர். அவர் 1636ஆம் ஆண்டில் பெரியதோர் அரண்மனையை எழுப்பினார். சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என்னும் இருபெரும் பகுதிகளை உடையதாய் அது விளங்கியது. செங்கல்லால் எழுப்பி, சுண்ணச்சாந்து பூசி, நுண்ணிய சுதைவேலை செய்து அதனை அழகுபடுத்தினர். அரண்மனைச் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளமே பின்னர் வண்டியூர்த் தெப்பக்குளம் ஆயிற்று என்பர். இன்று 'மகால்' என்று நாம் கண்டு வியப்பது அவ்வரண்மனையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. பத்துத்தூண், மறைந்துபோன ரங்க விலாசத்தின் எச்சம் என்று கூறுவர்.

இவ்வரண்மனையை முதலிற் குலைத்தவர் பகைவரல்லர். நாயக்கரின் பேரராகிய சொக்கநாத நாயக்கரே. அவர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். ஆங்கு மாளிகை அமைத்தற்பொருட்டு இங்கிருந்த அழகிய பகுதிகள் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டன. எஞ்சியது பேணுவாரின்றிக் கிடந்தது. மழை சுவர்களைக் கரைத்தது. செடிகொடிகள் விரிசல்களில் வேரூன்றின. 1792ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர்கள் இச்சிதைந்த அரண்மனையை வரைந்தனர். 1858இல் லின்னேயஸ் டிரைப் என்பவர் மதுரையின் கட்டடங்களைப் புகைப்படம் எடுத்தார். அப்படங்களைக் காண்போர், அரசர் வாழ்ந்த மனையின் அழிவைக் கண்டு வருந்தாதிரார்.

இந்நிலையில், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, அரண்மனையைப் பழுதுபார்க்க ஆணையிட்டார். கட்டடக்கலை வல்லுநராகிய சிஷோம் அப்பணியில் ஈடுபட்டார். புதுப்பிக்கப்பட்ட மகாலில் நீதிமன்றம் பல ஆண்டுகள் இயங்கிற்று. ஆள் நடமாட்டம் உள்ள வீடு விரைவில் பாழாகாது அன்றோ? தமுக்கத்தில் உள்ள இராணி மங்கம்மாள் அரண்மனையும் இவ்வாறே பயன்பாட்டினால் நிலைபெற்றது. ஆங்கிலேயர் காலத்தில் அது மாவட்ட ஆட்சியரின் இல்லமாக இருந்தது. 1959ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், பிரதமர் ஜவாஹர்லால் நேரு அங்கே காந்தி நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார்.

எல்லாப் பழங்கட்டடங்களையும் காத்தல் இயலுமோ எனின், இயலாது. மதுரையைச் சூழ்ந்திருந்த கோட்டைமதிலை எடுத்துக்கொள்வோம். மதிலுக்குள் மக்கள் நெருக்குண்டு வாழ்ந்தனர். ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், 1840ஆம் ஆண்டையொட்டி மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அவ்விடத்தில் புதிய தெருக்கள் தோன்றின. அப்பணியில் உழைத்தோர் பெயரால் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் வழங்குகின்றன. பிளாக்பர்ன் நினைவாக எழுப்பிய விளக்குத்தூணும் நிற்கின்றது. நகரம் வளர வழி பிறந்தது உண்மையே. ஆயினும், பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சியுள்ள சிறு பகுதியைக் கொண்டே கோட்டையின் தோற்றத்தை நாம் இன்று ஊகிக்க வேண்டியுள்ளது.

ஆதலின், எதனைக் காத்தல் வேண்டும் என்று முன்னரே ஆய்ந்து பட்டியலிடுதல் இன்றியமையாதது. இங்கிலாந்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பழங்கட்டடங்களைப் பட்டியலிடும் முறை உறுதிபெற்றது. அங்கே தனியார் வீடாயினும், பட்டியலில் இடம்பெற்றால், உரிய இசைவின்றி அதனை இடித்தலும் அதன் இயல்பை மாற்றுதலும் குற்றமாகும். நம் நாட்டில் 1904இல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டமும், 1958இல் விரிவான நடுவணரசுச் சட்டமும் இயற்றப்பெற்றன. தமிழ்நாட்டிற்கென 1966இல் தனிச் சட்டம் பிறந்தது. திருமலை நாயக்கர் மகால் இன்று தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் காவலில் உள்ளது. நடுவணரசின் காவலில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் எல்லைக்குள் புதிய கட்டடம் எழுப்புதலாகாது என 2010ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்துள்ளது. ஆனால் பட்டியலில் ஏறாத பழைய சத்திரங்களும் வீடுகளும் நம் கண்முன்னே ஒவ்வொன்றாய் மறைந்து வருகின்றன.

சட்டம் வேலி போன்றது, மக்களே காவலாளர். மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் சமணர்மலை, யானைமலை முதலிய குன்றுகள் உள்ளன. அவற்றில் சமணர் உறைந்த குகைகளும் குடைவரைக் கோயில்களும் உண்டு. அரிட்டாபட்டி மலையிலும் இத்தகைய தொன்மைச் சின்னங்கள் உள. அவ்வூரை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைப்பதற்கான ஏலம் 2024ஆம் ஆண்டில் முடிவாயிற்று. சுற்றுவட்டார மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025ஆம் ஆண்டு சனவரியில் நடுவணரசு அவ்வேலத்தைக் கைவிட்டது. ஊரார் வாளாவிருந்திருப்பின் நிலைமை வேறாகியிருக்கும்.

பெரிய அழிவைத் தடுக்கும் மக்களே சிறிய அழிவைச் செய்வதும் உண்டு. மகாலின் தூண்களில் ஆணியால் தம் பெயரைக் கீறுவோர் சிலர். கீறியவர் பெயரை எவரும் நினைப்பதில்லை. தூணின் சுண்ணப்பூச்சு மட்டும் உதிர்கிறது. முன்னோர் இடித்ததை நாம் தடுத்திருக்க இயலாது. இன்று நிற்பதை விழாது காத்தல் நம் கையில் உள்ளது. பத்துத்தூண் சந்தின் வழியே செல்லும் ஒவ்வொருவரும் ஒரு கணம் நின்று தலைநிமிர்ந்து பார்த்தல் வேண்டும். காவாது விட்டால் எஞ்சுவது எவ்வளவு என்பதை அத்தூண்களே கூறும்.