வெள்ளைத் துணி கட்டியவர்

ஒளிப்பதிவு உதவியாளராகச் சேர்ந்திருக்கும் தம்பிக்கு,

பழைய படங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். பார்க்க வேண்டிய நூறு படங்கள் என்று பட்டியல் போட்டுத் தர எனக்கு மனமில்லை. ஒரே ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். சுப்ரதோ மித்ரா. 1955இல் வந்த 'பதேர் பாஞ்சாலி' தொடங்கி 1966இல் 'நாயக்' வரை சத்யஜித் ரேயின் பத்துப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர். ரே படம், ரே படம் என்று நாம் கொண்டாடுகிறோமே, அதில் அவருக்கும் பெரும் பங்கு உண்டு.

பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' எடுக்க வங்காளத்துக்கு வந்தபோது மித்ரா கல்லூரி மாணவர். படத்தில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் அனுமதி. அவர் சும்மா பார்க்கவில்லை. எந்த விளக்கு எங்கே நின்றது, காமிரா எங்கே இருந்தது, நடிகர் எப்படி நகர்ந்தார் என்று எல்லாவற்றையும் நோட்டில் வரைந்து வைத்தார். அந்த நோட்டுதான் அவர் படித்த பள்ளிக்கூடம். 'பதேர் பாஞ்சாலி' தொடங்கும்வரை அவர் மூவி காமிராவை இயக்கியதே இல்லை. உன் கையில் போன் இருக்கிறது, படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்தான். ஆனாலும் வரைந்து பார். வரைகிற கை கவனிக்காமல் தப்பிக்க முடியாது.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது 'அபராஜிதோ' பற்றி. 1956இல் வந்த படம். காசியில் கதை நாயகனான சிறுவன் அபுவின் குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்கு நடுவில் திறந்த முற்றம். மழைக்குப் பயந்து, அந்த வீட்டைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் செட்டாகப் போடலாம் என்றார் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா. மித்ரா ஒப்புக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட முற்றத்தில் வெளிச்சம் வானத்திலிருந்து மொத்தமாக இறங்கும், கூரான நிழலே விழாது. ஸ்டுடியோ விளக்குகளை நேராக அடித்தால் ஆளுக்கு இரண்டு மூன்று நிழல் விழும், பொய் உடனே தெரிந்துவிடும் என்று வாதாடினார். வாதம் எடுபடவில்லை. செட்டைப் போட்டார்கள். மித்ரா என்ன செய்தார் தெரியுமா? முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். விளக்குகளைக் கீழே வைத்து, முகங்களை விட்டுவிட்டு அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி செட்டுக்குள் பரவியது. அதைப் பார்த்து அசல் காசி வீடு என்று நம்பியவர்கள் பலர்.

இன்று உன் படப்பிடிப்பில் லைட்மேன் தெர்மாகோலைத் தூக்கிப் பிடித்து ஒளியைத் திருப்பிவிடுவது சாதாரணக் காட்சி. அன்று மித்ராவுக்கு அந்த உத்தியைக் காட்டித்தர யாரும் இல்லை. தனக்குச் சரியென்று பட்டதை விட்டுக்கொடுக்க முடியாத பிடிவாதத்தில் கண்டுபிடித்தார். இந்தப் பிடிவாதத்தை நீ மதிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 'ஆஹா, என்ன அழகான பிரேம்' என்பதோடு நின்றுவிட்டால் அந்த மனிதரை நீ சந்திக்கவே இல்லை. அந்த அழகுக்கு முன்னால் என்ன தொல்லை இருந்தது, யார் யாரோடு வாதாடினார்கள், எதை வைத்துச் சமாளித்தார்கள் என்று தேடு. பன்சியையும் மறக்காதே. செட் போட்டே தீருவேன் என்று அவர் நிற்காவிட்டால் அந்தத் துணிக்கு வேலையே இல்லை.

மித்ராவுக்கு சிதாரும் வாசிக்கத் தெரியும். 'பதேர் பாஞ்சாலி'க்கு இசை ரவிசங்கர். ஆனால் மிட்டாய்க்காரர் பின்னால் பிள்ளைகள் நடந்து போகும் இடத்தில் கேட்கும் சிதார் மித்ரா வாசித்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்கும். தன் வேலை காமிராவோடு முடிந்தது என்று நினைக்காத ஒருவர்!

இந்த வாரம் 'அபராஜிதோ' பார். முதல் முறை கதைக்காக, அழுகை வந்தால் அழு. இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு முற்றத்துக் காட்சிகளை மட்டும் பார். அபுவின் அம்மா சர்வஜயாவின் மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, விழுகிறதா இல்லையா, சுவர் எங்கே இருளத் தொடங்குகிறது என்று வரைந்து எனக்கு அனுப்பு. அதன் பிறகு 1964இல் வந்த 'சாருலதா'வுக்குப் போகலாம். அதுவும் பெரும்பாலும் செட்டுதான், அங்கே ஜன்னல்களைக் கவனிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்